மூன்று தைலப் போத்தல்கள்

இரத்தோட்டை,
2006 நவம்பர்.

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சுகமாயிருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் வந்த வாத்தியாருக்கு அதிபர் பதவியைக் கொடுத்தபோதும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

குற்றம் வானொலியில் தொடங்கியது. போன ஞாயிறு பிற்பகல் பெருமழை. பிள்ளைகள் மூவரும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கேட்ட பாட்டைப் போட்டார்கள். அப்போது எங்களுக்கு ஒரே அறை, ஒழுகும் தகரக் கூரை, இரண்டு பேருக்கும் ஒரு கோப்பை. இந்த ஊரில் என்னை ஒருவருக்கும் தெரியாது; அது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்று விளங்கவில்லை. பாட்டு முடிந்தும் மழை விடவில்லை. அதற்கு மேல் பத்திரிகைக்கு எழுத முடியாது.

மழை விட்டதும் மனைவி நாட்காட்டியைப் பார்த்தாள். "என்னங்க, எனக்கு நாப்பத்தி நாலு. தை மாசம் மூத்தவளுக்குக் கல்யாணம். பந்தல்ல நான் மசக்கையோட நிக்கவா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிப் பிரசவத்தில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடியவள். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் அன்றே சொன்னார். பதினேழு வருடம் எச்சரிக்கையாக இருந்ததை வானொலி கெடுத்தது.

இப்படி ஆனால் மூன்று நாளுக்குள், முடிந்தவரை சீக்கிரம், போட வேண்டிய மாத்திரை உண்டு என்று உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். எங்கே கிடைக்கும் என்று நீங்கள் போடவில்லை. திங்கள் விடியற்காலை அவளிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். மாத்தளைப் பாமசியில் நின்றவன் புஹாரி, என்னிடம் கணக்கில் நூற்றுக்குப் பதினொரு புள்ளி எடுத்தவன். "வாங்க சேர்! நீங்க அடிச்ச அடி இன்னும் முதுகுல இருக்கு சேர். என்ன வேணும்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். தைலம் என்றேன். கிளினிக் வாசல் பலகையின்படி அங்கே மாத்திரை இலவசம்தான், ஆனால் வியாழக்கிழமைதான் கொடுப்பார்களாம். மூன்று நாள் புதனோடு முடிகிறது. என்னைத் தெரியாத ஊர் என்று நம்பி நாவுலவுக்குப் போனேன். அங்கும் கடையில் நின்றது பழைய மாணவிதான்: "சேர், நான் மஸூதா! இங்கதான் கலியாணம் முடிச்சிருக்கேன். மாமியைக் கூப்பிடவா?" இரண்டாவது தைலம். திரும்பி மாத்தளையில் இன்னொரு கடை, இன்னொரு பழைய மாணவன், மூன்றாவது தைலம். சோதனைச் சாவடியில் சிப்பாய் பையைக் கவிழ்த்துப் பார்த்து, "மாத்தயாவுக்கு எங்கே இவ்வளவு வலி?" என்று சிங்களத்தில் கேட்டான். மூன்று போத்தலையும் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்.

வீட்டில் தையல்காரி ஸுபைதா கல்யாண பிளவுஸுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கங்க போனீங்க? நான் மாத்திரைய நேத்தே போட்டுட்டேன்" என்றாள் மனைவி நல்லம்மா.

"மழை விட்ட கையோட நல்லம்மாக்கா வந்திட்டாங்க சேர். நூல் டின்னுக்குள்ள நாலு மாசமா வச்சிருக்கேன். பொம்பளைங்க சங்கம் குடுத்தது. பேரும் கேக்க மாட்டேன், காசும் கேக்க மாட்டேன்" என்றாள் ஸுபைதா.

"எனக்கு மட்டும் ஏன் தெரியாது?"

"நீங்க பிளவுஸா தைக்கிறீங்க சேர்?"

ஆசிரியர் அவர்களே, எங்கள் காலத்துப் பெண்கள் நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்துப் பயந்தே வயதானார்கள். ஆகவே நாவுல முதல் பல்லேகம வரை, ஒவ்வொரு தோட்டத்து லயத்திலும் ஒவ்வொரு தெருவிலும், இப்படியொரு நூல் டின் வேண்டும். இலவசமாக, கேள்வியில்லாமல். அது எந்த வீட்டில் இருக்கிறது என்று புருஷன்மாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க.

பி.கு. எழுதியதை மனைவி படித்துவிட்டாள். "பேரு போடாட்டி தெரியாதா? உள்ளுக்குள்ள என் பேரு கெடக்கு. இந்தக் கொக்கி எழுத்தக் கரும்பலகையில பாத்து வளந்ததுதான் பாதி மாத்தளை. அப்புறம், ரேடியோவத் திட்டாதீங்க. இருவத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு அந்தப் பாட்டுக் கேட்டுப் போஸ்ட்காட் போட்டதே நான்தான். நம்ம ரெண்டு பேர் பேரையும் ஊரோட சொன்னாங்க, மழைச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல" என்கிறாள். ஆக, நாடே கேட்டிருக்கிறது. இருந்தாலும் நான் முடிவெடுத்துவிட்டேன்: கையெழுத்துப் போடாமலேதான் தபாலில் சேர்க்கிறேன்.