சர்ச் பாய்லரில் காய்ச்சிய எண்ணெய்

ஒரே ஒரு நாள் வகுப்புக்குப் போய்வந்தவரைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. முழுசாகப் படித்தவருக்குப் பயம் இருக்கும்; ஒன்றுமே படிக்காதவர் சும்மா இருப்பார். நான் இரண்டுங்கெட்டான்.

கேரள மலைமேல் இருக்கும் எங்கள் சக்குபள்ளம் பஞ்சாயத்து ஹாலில் பெண்களுக்கு வாசனை எண்ணெய் வகுப்பு நடந்தது. திருநீற்றுப்பச்சிலை நம் மண்ணின் செடிதான், ஆவியில் வேகவைத்தால் அதன் எண்ணெய் ஆவியோடு ஏறிவரும், கிராம்பும் சோம்பும் கலந்த மாதிரி மணக்கும் என்றார் டீச்சர். தலைவலிக்கும் சளிக்கும் தடவலாம், கொசுவும் அண்டாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் சொட்டுச்சொட்டாகக் கலந்துதான் தடவ வேண்டுமாம். என் காதில் ஏறியதோ 'வெளிநாட்டில் நல்ல கிராக்கி' என்பது மட்டும். (எனக்கு அப்போது வெளிநாடு என்றால் மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பம்.)

ஏலத்தோட்டத்து ஓரத்தில் அந்தச் செடி புதராக மண்டிக் கிடந்தது. காய்ச்சப் பாத்திரம்தான் இல்லை. மறுநாள் தங்கை எஸ்தருக்கு நிச்சயதார்த்தம். டீ போடுவதற்காகச் சர்ச் பாய்லர் வீட்டுக்கு வந்திருந்தது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த விசேஷமானாலும் அதுதான் வரும். விடுவேனா? தழையைத் திணித்து, மூடியைச் சுற்றி மைதா மாவை அப்பி, ஆவி போகும் ஓட்டையில் குழாயைச் செருகி, பச்சைத்தண்ணீர் வாளி வழியாக இறக்கினேன். ஒரு மூட்டைத் தழைக்கு, தண்ணீர் மேல் மிதந்த எண்ணெய் ஒரு கண்மை டப்பாகூட நிறையவில்லை. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறகு புளியும் சாம்பலும் போட்டுப் பாய்லரைத் தேய்தேயென்று தேய்த்தேன். டீ இறங்கும் திருகுக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருப்பதும், ரப்பர் வாசனையைக் குடித்துவைத்துக்கொள்ளும் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பில் வந்தார்கள். டீ போனது. முதலில் மாறியது அப்பாவின் முகம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை; காய் காய்ந்துவிட்டதை மூக்காலேயே சொல்லிவிடுவார். டம்ளர் உதட்டுக்கு வருமுன்பே என்னைத் தேடினார். ஏலக்காய்க்காரர் வீட்டு டீ என்று ஆசையாக உறிஞ்சிய மாப்பிள்ளையின் அப்பா, டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது கசாயமில்ல? வீட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சம்பந்தி" என்ற அப்பாவின் குரலை அப்பாவே நம்பியிருக்க மாட்டார். மாப்பிள்ளையின் அம்மா எஸ்தரை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்தார். பெண்ணுக்கு ஏதோ சீக்கு, மறைக்கிறார்கள் என்று நினைப்பது தெரிந்தது. நிச்சயதார்த்தத் தட்டு இன்னும் மாறவில்லை. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் செத்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை குனிந்தே இருந்த எஸ்தர் நிமிர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா. எங்க அக்காவுக்குத்தான் கிறுக்கு. சர்ச் பாய்லர்ல எண்ணெ காச்சிப்புட்டா!"

மாப்பிள்ளை ஜெபராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, வாயிலிருந்த டீ அவருடைய வெள்ளை வேட்டியிலேயே விழுந்தது. மீதியை மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர் கெடைக்குமா?" என்றார். தட்டு மாறியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் டீ கொடுத்தாலும் 'யாருக்கு ஒடம்பு சரியில்ல?' என்ற கேள்விதான்.

போன வருஷம் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தோம். அதே பாய்லர் டீ. வாஷரை எப்போதோ மாற்றியாகிவிட்டது, வாசனை வர வழியே இல்லை. ஆனாலும் ஜெபராஜ் டம்ளரை முகர்ந்தார்.

"மதினி, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த எஸ்தர் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்பா இருந்திருந்தால், டம்ளருக்கு மேலாக என்னைத் தேடியிருப்பார்.