கிளாடிஸின் அம்மா

ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு என்னென்ன வேண்டும்? மட்டை வேண்டும். பந்து வேண்டும். பதினொரு பேர் வேண்டும். அதில் இரண்டு பேருக்காவது ஆடத் தெரிய வேண்டும். எங்கள் கிளப்பில் கடைசி விஷயம் மட்டும் கொஞ்சம் சந்தேகம். ஆனால் மைதானம் இல்லை என்பதில் சந்தேகமே இல்லை.

மெல்பர்னின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டர்ஸ் லேன் கிரிக்கெட் கிளப்புக்கு நான்தான் தலைவர். எங்கள் பழைய மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஆறு வருஷமாக ஊரார் புல்லில்தான் ஆடுகிறோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். நீளம் தாண்டும் மணல்குழி நடுவில் இருந்தது. எங்கள் வேகப்பந்து வீச்சாளர் ஓடி வந்த வேகத்தில் அதில் விழுந்தார். தூரம் நன்றாக இருந்தது. பிறகு மேம்பாலத்துக்கு அடியில் ஆடினோம். சிக்சர் அடித்தால் பந்து லாரியில் ஏறி சிட்னிக்குப் போய்விடும். இந்த வருஷம் லீக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: அக்டோபருக்குள் சொந்த மைதானம் காட்டாவிட்டால் கிளப்பின் பெயரை அடித்துவிடுவோம்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மைதானம். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நகரக் கவுன்சில் கொடுக்கத் தயார். ஆனால் நாய் வளர்ப்பவர்கள் அங்கே சாயங்காலம் கூடி நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள். கிரிக்கெட்டுக்கு ஒரு சாண் புல்கூடக் கொடுக்காதே என்று கொடி பிடித்தார்கள்.

"அந்த மைதானத்தை வாங்காம நான் ஓயமாட்டேன்!" என்று கிளப் கூட்டத்தில் மார்தட்டினேன்.

"எப்படி வாங்குவ?" என்று கேட்டான் செயலாளர் கோஸ்டா.

"ஒற்றன் அனுப்பப் போறேன்."

ஒற்றன் என் வீட்டிலேயே இருந்தாள். என் மனைவி லொரைன். அவள் தம்பி மெல்பர்ன் குளிருக்குப் பயந்து குவீன்ஸ்லாந்துக்கு ஓடியபோது தன் நாயை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். அது வந்த அன்றே என் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. அதன் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. "உன் தம்பி நாய்" என்றுதான் சொல்வேன். எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

"லொரைன், தினமும் சாயங்காலம் உன் தம்பி நாயை அந்த மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"எதுக்கு?"

"நாய்க்காரங்களோட கலந்துரு. என்ன பேசுறாங்க, யாரு தலைமைன்னு கேட்டு வந்து சொல்லு."

"உளவு பாக்கச் சொல்ற."

"கிளப் உயிரைக் காப்பாத்தச் சொல்றேன்."

"எனக்கு நாயைப் பத்தி ஒண்ணும் தெரியாது நெவில்."

"தெரிஞ்ச மாதிரி நடி. நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும்."

"நீ சொல்லித்தான் குரைக்கிறேன். நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லாதே."

முதல் வாரம் செருப்பில் சேற்றோடு முனகிக்கொண்டே வந்தாள். இரண்டாம் வாரம் முனகல் நின்றது. மூன்றாம் வாரம் இருட்டிய பிறகுதான் வந்தாள். நானே கடையில் வாங்கிய கறி பப்ஸைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். மனம் கோணாமல் சாப்பிட்டேன். போர் என்றால் தியாகம் இல்லாமலா?

ஒருநாள் செய்தி வந்தது.

"அவங்க தலைவரைத் தேர்ந்தெடுத்துட்டாங்க."

"யாரு?"

"கிளாடிஸோட அம்மா."

நான் கணக்குப் போட்டேன். இந்த ஊரில் யாரும் குழந்தைக்குக் கிளாடிஸ் என்று பெயர் வைத்துப் பல காலமாகிறது. என் அத்தை ஒருத்தி கிளாடிஸ். அவளுக்கே எண்பதை நெருங்குகிறது. அப்படியென்றால் கிளாடிஸின் அம்மாவுக்கு நூறுக்கு ஒன்றிரண்டுதான் குறையும்.

"கிழவியா?"

லொரைன் அடுப்பில் ஆட்டுக்கறித் துண்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"கிழவின்னு சொல்ல முடியாது."

"நடக்குறாளா?"

"தினமும்."

"காது கேக்குதா?"

"நல்லாவே கேக்குது."

"ஆள் எப்படி?"

"மூளைக்காரி. புருஷன்தான் கொஞ்சம் மக்கு."

"இந்த வயசுல புருஷன் வேற உயிரோட இருக்கானா!"

"இருக்கான். நேரத்துக்குச் சாப்பாடு போட்டா இருப்பான்."

"பாவம் அந்த மனுஷன்."

"பாவந்தான். அது அவனுக்கே தெரியாது."

அன்று கறி கருகிப்போயிருந்தது. ஒற்றர்களைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதால் சத்தம் போடாமல் மென்றேன்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசைதான் எங்கள் போர்க்கூடம். என் திட்டம் முழுவதையும் லொரைனிடம் கொட்டினேன். நாற்பது உறுப்பினர் என்று சொல்கிறோமே, அதில் பாதிப்பேர் மட்டையைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. இரண்டு பேர் இறந்தேவிட்டார்கள். சிறுவர் அணி என்று ஒன்றும் கிடையாது. கோஸ்டாவுக்குச் சொந்தக்காரர்கள் ஏராளம், அந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிக் கூட்டிவரப் போகிறோம்.

"உண்மையில எங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் போதும் லொரைன். வாரம் முழுக்கக் கேட்டாத்தான் அதாவது கிடைக்கும். இதைக் கிழவிகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்லப் போறேன்? அவளுக்கே தெரிஞ்சுடும்."

செப்டம்பரில் கவுன்சில் கூட்டம். நான் முன்னாடியே போய் முதல் வரிசையில் ஒரு மெத்தை நாற்காலியைப் போட்டேன். கிழவியின் முழங்காலுக்கு ஒரு போர்வையும் கொண்டுபோயிருந்தேன். பார்ப்பவர்கள் என் பெருந்தன்மையைக் கண்டு உருக வேண்டாமா? கோஸ்டா ஒரு மந்தைப் பிள்ளைகளோடு வந்தான். ஒருத்தன் கையில் கால்பந்து இருந்தது. பிடுங்கி மேசைக்கடியில் உருட்டிவிட்டேன்.

கவுன்சில் தலைவி அம்மையார் கேட்டார்: "நாய் வளர்ப்பவர்கள் சார்பாக, எல்லாருக்கும் தெரிந்த கிளாடிஸின் அம்மா வந்துவிட்டாரா?"

கைத்தாங்கலாகப் பிடிக்க நான் வாசலுக்கே ஓடினேன்.

உள்ளே வந்தவள் லொரைன். கையில் கயிறு, கயிற்றின் முனையில் அவள் தம்பி நாய். நீட்டிய என் கையைத் தாண்டி நேராகப் போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். போர்வையைத் தரையில் விரித்தாள்.

"கிளாடிஸ், உக்காரு" என்றாள்.

நாய் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன்.

கோஸ்டா என் காதைக் கடித்தான். "டேய், நாய் மைதானத்துல மனுஷங்க பேரை யாருடா கேக்குறாங்க? நாய் பேரைத்தான் கேப்பாங்க. என் எதிர்வீட்டுக்காரரை எட்டு வருஷமா 'பிஸ்கட்டோட அப்பா'ன்னுதான் எனக்குத் தெரியும்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"உன் வீட்டு நாய் பேரை நான் உனக்குச் சொல்லணுமா?"

முதலில் பேச வேண்டியவன் நான். காகிதத்தை விரித்தேன். 'முதுமையால் தளர்ந்த அம்மையாரே' என்று ஆரம்பித்திருந்தது. லொரைனைப் பார்த்தேன். அந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன்.

"உங்கள் வயதான கணவரையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்."

"எண்ணிப் பாத்துட்டேன்" என்றாள் லொரைன்.

கூட்டம் சிரித்தது. அவள் எழுந்தாள்.

"நாப்பது பேருன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதுல ரெண்டு பேரோட சவ அடக்கத்துக்கு நானே சாண்ட்விச் பண்ணிக் குடுத்தேன். பசங்களா, கிரிக்கெட் ஆடுறவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை உயர்ந்தது. கழிப்பறை எங்கே என்று கேட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டாகச் சொல்லவில்லை. என் அப்பா ஆடிய கிளப் அது. எனக்கு வேறு எதிலும் தலைவர் பதவி கிடையாது, வீட்டில் உட்பட. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

"ஆனா," என்றாள் லொரைன், "மைதானத்தை இவங்களுக்குக் குடுக்கத்தான் வேணும். சனிக்கிழமை மத்தியானம் மட்டும். இவங்களுக்கு அது போதும். இல்லேன்னா சனிக்கிழமை பூரா இவங்க வீட்டுலயே இருப்பாங்க. வீட்டுல இருக்கிற பொம்பளைங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஓங்கித் தட்டியவள் கோஸ்டாவின் மனைவி.

நிபந்தனை ஒன்றுதான். ஆறு மணிக்கு லொரைன் விசில் அடிப்பாள்; மைதானம் நாய்களுக்கு. பந்து எங்கே இருந்தாலும் சரி, ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி. ஒரு நிமிஷம் தாண்டினால் அடுத்த சனிக்கிழமை கிடையாது. கவுன்சில் ஒருமனதாக ஒப்புக்கொண்டது. எங்கள் கிளப்காரர்கள் லொரைனைத் தோளில் தூக்காத குறை. என்னிடம் ஒருத்தன் போர்வையை மடித்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "ஏன் இப்படிப் பண்ணின?"

"மைதானம் கிடைச்சுதா, இல்லையா?"

"கிடைச்சுது."

"ஆறு வருஷமா உனக்குக் கிடைச்சுதா?"

போர்வையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன்.

"ஆனா ஒண்ணு சொல்றேன் லொரைன். உன் விசிலுக்கெல்லாம் நான் அடங்க மாட்டேன். கிரிக்கெட் கிரிக்கெட்தான். கடைசிப் பந்து விழுற வரைக்கும் மட்டையைக் கீழ வெக்க மாட்டேன்."

"பாக்கலாம்."

இதையே கிளப்பிலும் முழங்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அக்டோபரில் முதல் சனிக்கிழமை வந்தது. சொந்த மண்ணில் முதல் ஆட்டம். ஜெயிக்க இரண்டே ஓட்டம். கடைசி ஜோடி நானும் கோஸ்டாவும். பந்து வீச்சாளர் ஓடி வர ஆரம்பித்துவிட்டார். எல்லைக்கோட்டருகே கிளாடிஸ் புல்லில் மல்லாந்து கிடந்தது. மைதானத்து வாசல் கதவருகே லொரைன்.

மணி ஆறு. விசில் கேட்டது.

கிளாடிஸ் தலையைக்கூடத் தூக்கவில்லை; மட்டையும் கையுமாக ஓடிப்போய் லொரைன் காலடியில் நின்றவன் நான்தான்.