எந்த மிருகத்தின் எண்ணெய், அத்தான்?

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மச்சினன் பணிவுடன் எழுதுவது. இங்கே என் தலையைத் தவிர எல்லாரும் நலம். அக்காவும் நீங்களும் உச்சி முதல் பாதம் வரை சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

முடி முளைக்க நீங்கள் அனுப்பிய எண்ணெய் வந்து சேர்ந்தது. வழியில் கசிந்து லேபிள் நனைந்துவிட்டதால், ‘இயற்கையான மிருகக் கொழுப்பு’ என்பதுவரைதான் படிக்க முடிகிறது. எந்த மிருகம் என்பது அழிந்துவிட்டது. நான் முகர்ந்தால் ஆடு மாதிரி இருக்கிறது. என் மனைவி மீன் என்கிறாள். “ஆடா மீனான்னு தெரியாம அந்தத் தலையணை உறைய நான் தொடமாட்டேன்” என்று கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

ஓய்வு பெற்றபின் நாய் பூனை ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறேன் அல்லவா, வீட்டில் எனக்குக் கொஞ்சநஞ்சம் மரியாதை இருப்பதே அந்த வேலையால்தான். எண்ணெய் தடவிப் போன அன்றே பூனைகள் கூடைக்குள்ளிருந்து சீறின, ஒரு கிளி என்னைப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தது, சொறிக்கு ஊசி போட வரும் செவலை நாய் மட்டும் மேசைமேல் முன்கால்களைப் போட்டு என் தலையை நக்கி, அதிலேயே தன் முகத்தைத் தேய்த்து, கழுத்தைத் தேய்த்து, நான் டோக்கன் கொடுக்கக் கொடுக்க அது விடாமல், அந்த மயக்கத்திலேயே ஊசியும் போட்டுக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. டாக்டரம்மா கூப்பிட்டு, “சார், இங்க பேஷன்ட் யாருன்னு வர்றவங்க கேக்குறாங்க. ஒண்ணு எண்ணெய விடுங்க, இல்ல வேலைய விடுங்க” என்றார்.

எண்ணெயை விட்டிருப்பேன் அத்தான். ஆனால் முடி முளைத்திருக்கிறது, சத்தியமாக. உச்சியில் குட்டை குட்டையாக, செம்பட்டையாக. எனக்கு மிச்சமிருக்கும் நாலு முடியும் வெள்ளையாயிற்றே, இது ஏன் இந்த நிறம்? எண்ணெய் எந்த மிருகமோ அதன் முடிதான் வருமா? அப்படியானால் மேற்கொண்டு என்னென்ன முளைக்கும்? ஒன்றும் புரியல. பயமாவும் இருக்கு, கண்ணாடிய விட்டு நகரவும் மனசு வரல. இன்று லீவு போட்டு யோசித்து ராஜினாமா எழுதிவிட்டேன். வேலை போனால் போகட்டும். இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பவும். மிருகத்தின் பெயரைத் தனித் தாளில், நனையாதபடி எழுதி வைக்கவும்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், முக்கியமாக அவர்கள் தலைகளுக்கு.

தெளிவில்லாத,
உங்கள் மச்சினன்

பி.கு: இதை உறையில் போடுவதற்குள் மனைவி என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டுவிட்டாள். முளைத்ததெல்லாம் அவள் கையோடு வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது உங்களுது இல்லீங்க. அந்த நாயோடது, எண்ணெய்ல ஒட்டியிருக்கு” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன். எண்ணெய் வேண்டாம் என்று எழுதப் பேனாவை எடுத்தபோது டாக்டரம்மாவின் போன். “சார், நீங்க இல்லாம அந்த நாய் ஊசிக்கு நிக்கவே மாட்டேங்குது. நாளைக்குக் கண்டிப்பா வந்துடுங்க. எண்ணெய் தடவிட்டு வாங்க.” ஆகவே இரண்டு போதாது, நாலு பாட்டிலாக அனுப்பவும்.