ரோசாவை ஒப்படைத்த கதை

“பச்சைக்கிளி வச்சிருக்கவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள வனத்துறைகிட்ட ஒப்படைக்கணும்! இல்லைன்னா அபராதம், ஜெயிலு!”

ஆட்டோ ஒலிபெருக்கி மூன்றாவது முறையாகத் தெருவைச் சுற்றியது. இன்றுதான் வெள்ளிக்கிழமை.

பஸ் டெப்போ டைம்கீப்பர் அழகுராசா கூண்டையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். ரோசா நிம்மதியாக மிளகாய் கடித்துக்கொண்டிருந்தது.

“பறக்க விட்டுருவோம் பேச்சி.”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மொட்டைமாடியில் கூண்டைத் திறந்தார். சிறகு கத்தரித்த கிளி. கைப்பிடிச் சுவரில் நடந்து, பக்கத்து மாடிக்குத் தாவி, கமலவேணி காயவைத்திருந்த வடகத்தைக் கொறித்தபடி கத்தியது: “அழகு! ஏய் அழகு!”

“அண்ணே, உங்க கிளி உங்களக் கூப்பிடுது!” என்று தெருவுக்கே அறிவித்தாள் கமலவேணி.

பிடித்து வந்து குளியலறையில் பூட்டினார். எதிரொலியில் சத்தம் இரண்டு மடங்கானது.

கடைசியில் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மேலூர் பக்கத்துப் பனந்தோப்பில் கிளிக்கூட்டம் இருக்கும், சேர்த்துவிடலாம்.

பெட்டிக்குள்ளிருந்து அச்சு அசலாகக் கண்டக்டர் விசில் கிளம்பியது. பஸ் நின்றது.

“யாருய்யா விசிலடிச்சது?” கண்டக்டர் முறைத்தார்.

“நான் இல்லப்பா!”

மறுபடி விசில். பஸ் கிளம்பியது. மூன்றாவது விசிலுக்கு அழகுராசாவை இறக்கிவிட்டார்கள்.

மீதி தூரம் நடந்தார். தோப்பில் ஒரு கிளிகூட இல்லை.

“கிளி விக்கிறவனுக பொந்து பொந்தாக் கைய விட்டு குஞ்சு பூராத்தையும் அள்ளிட்டானுக” என்றார் அங்கிருந்த பனையேறி. “ஆறு எடுத்தா ஒண்ணு பிழைக்குமாம். உங்க பெட்டியில கத்துதே, அது பிழைச்ச ஒண்ணு.”

அழகுராசாவுக்குப் பெட்டி கனத்தது. நேராக வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். ரோசா அவர் சட்டைப் பொத்தானைக் கவ்விக்கொண்டு விடவில்லை. பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள்.

‘இனி நம்ம வீட்டுல கூண்டே கிடையாது’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பினார்.

வாசலில் கூடையோடு ஓர் ஆள் நின்றிருந்தான். இறகு முளைக்காத கிளிக்குஞ்சு ஒன்றை மடியில் வைத்துப் பேச்சி கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது!”

“ஒப்படைச்ச வீட்டுக்குச் சோதனைக்கு வரமாட்டாங்களாம்ங்க.”

கூடைக்காரன் தலையைச் சொறிந்தான். “நீங்கதாண்ணே லேட்டு. தெருவுல மத்தவங்க எல்லாம் திங்கக்கிழமையே பழசக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டாங்க.”