நிழல் விழாத இடம்

வேலை செய்யாமல் ஒரு வாரத்தை ஓட்ட எவ்வளவு வேலை செய்ய வேண்டும், தெரியுமா உங்களுக்கு? தெரியாவிட்டால் எங்கள் ராஜாங்கத்தைக் கேளுங்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் சாலை மறியல் நடந்த புரட்டாசி அது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை. டவுன் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற ராஜாங்கம், கல்வராயன் மலையடிவாரத்து வீட்டிலேயே தங்கிவிட்டான். லீவு கசக்குமா? கசந்தது. வாசலில் பிடுங்கி ஆய்ந்த மல்லாட்டை ஈரத்தோடு குவிந்து கிடந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். கூலி ஆட்களும் வரவில்லை. இரண்டு நாள் குவியலாகவே கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். ஒரு வருஷத்துப் பாடு போய்விடும்.

அவன் மனைவி செல்வி, இடுப்பில் பிள்ளையோடு, குவியலைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். வெயிலில் குந்தவைத்துக் காக்கா ஓட்டச் சொல்லும் பார்வை. அவள் வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

"செல்வி, இந்த வாரம் என்னை எதுக்கும் கூப்புடாத. நான் வெளிச்சம் பாக்கணும்."

"வெளிச்சத்த இன்னாங்க பாக்கறது? அது தானா தெரியுமே."

ராஜாங்கம் பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்தான். ஸ்டூடியோ காசிநாதன் இரவல் கொடுத்தது. கடை முதலாளி அடுத்த வருஷக் காலண்டருக்கு ஒரு மலைப் படம் தேடிக்கொண்டிருந்தார். தன் படம் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்குவதை ராஜாங்கம் கனவிலேயே பார்த்துவிட்டான். அதனால் பெண்டாட்டிக்கு விளக்கினான். காலையில் வெயில் நேரே மலைமேல் விழும், மரம் மரமாக எண்ணலாம். உச்சி வெயில் மலையைத் தோசை மாதிரித் தட்டையாக்கிவிடும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது மலை நீலமாகும், விளிம்பில் ஜரிகை ஓடும். எது தேவலை என்று தெரிய ஒரே இடத்தில் இருந்து நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எந்த நேரமும் நிழல் விழக்கூடாது.

செல்வி எல்லாவற்றையும் கேட்டாள். "நம்ம களத்துல வேப்பமர நெழலும் வைக்கப்போர் நெழலும் மாறி மாறி வுழுமே. வுழாத எடம்னு ஒண்ணு இருக்குதா இன்னா?" என்றாள். சண்டை போடவில்லை. அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்று பூரா ராஜாங்கம் களத்தில் நிழலைத் துரத்தினான். மரநிழல் நகர நகர ஓரத்தில் சாம்பலால் கோடு போட்டான். பொழுது சாய்வதற்குள் நிழலே படாத இடம் தேர்த்தட்டு மாதிரி சுத்தமாக வரைந்து கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் கேமராவோடு போனால், சாம்பல் கோட்டுக்குள், கோடு தாண்டாமல், மல்லாட்டை.

"இன்னாடி இது?"

"வருசா வருசம் நானும் இந்த எடத்தத்தான் தேடறேன். நீங்க ஒரே நாள்ல கண்டுபுடிச்சிட்டீங்க."

கோபப்பட நினைத்தவனுக்கு நெஞ்சு ஒரு முழம் அகன்றுவிட்டது. இருந்தாலும் படத்தில் மல்லாட்டை வருமே என்றான்.

"வரட்டுமே. முன்னால ஒண்ணும் இல்லாம மலை மட்டும் மொட்டையா நின்னா யாரு பாப்பாங்க?"

காசிநாதனும் இதையேதான் சொல்லியிருந்தான். அப்படியானால் மல்லாட்டை மேடு பள்ளமாக இருக்கலாமா? பட்டுச்சேலை விரிக்கிற கை அல்லவா, சுருக்கமில்லாமல் பரப்பியது. அடிப்பக்கம் ஈரத்தில் கறுத்திருந்தது. நிறம் ஒன்றாக வரட்டும் என்று மணிக்கொரு தரம் காலால் கிளறிவிட்டான். காக்கா படத்துக்குள் வந்தது, ஓட்டினான். ஆடு வந்தது, தெருக்கோடிவரை துரத்தினான். செல்வி கதவைச் சாத்திப் பிள்ளையோடு தூங்கினாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் பகலில் கண்ணசந்தது அன்றுதான்.

மேகம் மலையுச்சியைத் தொட்டால் போதும், "வெளிச்சம் போச்சு" என்று ராஜாங்கம் புலம்புவான். அந்தப் புலம்பலைக் கேட்டுத் தெருவே மிளகாயையும் நெல்லையும் வாரி உள்ளே வைக்கப் பழகிக்கொண்டது. எதிர்வீட்டு இருசம்மாள் ஒரு நாள் கேட்டே விட்டாள்: "அண்ணே, நான் ஆத்துக்குப் போறேன். வெளிச்சம் கம்மியானா ஒரு கொரல் குடுங்க."

கடைசி நாள் சாயங்காலம் ஜரிகை ஓடியது. ராஜாங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தான். அடுத்ததற்குள் காற்று திரும்பியது. செல்வி சாக்கோடு ஓடி வந்து, "வாயப் புடிங்க, மழ வருது" என்றாள். அவன் சாக்கின் வாயைப் பிடித்தான். தன் வாயைத் திறக்க நேரமில்லை.

மறியல் முடிந்து பஸ் ஓடியது. படத்தைக் கழுவிப் பார்த்தால், அவன் குறி பார்த்து முடிப்பதற்குள் மலையை மேகம் தின்றிருந்தது. முன்னால் மல்லாட்டை மட்டும் ஒவ்வொரு காயும் வரியோடு தெரிந்தது. முதலாளி வாங்கிப் பார்த்து, "இத எண்ணெய்ச் செக்குக்காரர்கிட்ட காட்டுப்பா, ஜவுளிக்கு இன்னாத்துக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

தொங்கிய முகத்தோடு ராஜாங்கம் வீடு வந்தான். உள்ளே அவன் மச்சான், செல்வியின் அண்ணன் வேடியப்பன், நைனார்பாளையத்திலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். செல்வி படத்தை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தாள். அண்ணனிடம் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இவ்வளவு நன்றாகக் காய்ந்த மல்லாட்டையைத் தான் கண்டதில்லை என்றார். ராஜாங்கத்தின் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது.

செல்வி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"ஏங்க, அண்ணன் வூட்டுலயும் இந்த வாரம் மல்லாட்ட புடுங்கறாங்களாம். கடையில நாலு நாள் லீவு சொல்லிட்டு, அங்க வெளிச்சம் எப்பிடி இருக்குதுன்னு கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."