விளக்குக்காரனின் நான்காவது குல்லா

என் மாமா ஜோதிடம் கற்றுக்கொண்டுவிட்டார் என்றே எங்கள் குடும்பம் அந்நாளில் உறுதியாக நம்பியது. நம்பக் காரணமும் இருந்தது. தேயிலை பெக்டரியில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர், மேசை நிறையக் கட்டம் போட்ட தாள்களைப் பரப்பி, சில கட்டங்களைக் கறுப்பாக்கி, சிலவற்றை வெறுமையாக விட்டு, உதட்டுக்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தால் வேறென்ன நினைக்கத் தோன்றும்? தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஜனங்கள் அவருக்குக் 'கட்டம்' என்றே பெயரிட்டுவிட்டார்கள். என் தாயார் தம் தம்பியின் திடீர் ஞானத்தில் பெருமிதம் கொண்டு, என் அக்காவின் ஜாதகத்தை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப் போனார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

"என்னக்கா இது, பன்னெண்டே கட்டந்தான் இருக்கு? இதுல ஒரு பூனையக்கூட வரைய முடியாதுலா."

"பூனை கெடக்கட்டும்டா. கல்யாணம் எப்போ ஆகும்?"

"எட்டுக்கு எட்டா இருந்தா ஏதாச்சும் தெரியும்."

எட்டாம் இடத்தில் ஏதோ கோளாறு, தம்பி சொல்லாமல் சொல்லிவிட்டான் என்று கலங்கியபடியே தாயார் வீடு திரும்பினார். அந்த வாரம் முழுவதும் அக்காவுக்காகக் கோயிலில் நெய் விளக்கு எரிந்தது.

கேமரன் மலை முழுவதிலும், யாருக்கும் பயனில்லாத ஒரு காரியத்தை இவ்வளவு ஒழுங்காகச் செய்த மனிதர் வேறொருவர் இருந்திருக்க மாட்டார். பல வருஷங்களுக்கு முன், தம் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார துரை, தம் பிள்ளைகள் விளையாடிச் சலித்த வீட்டுக் கணினி ஒன்றையும் பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகளையும், பங்களாவில் ஒயர் மாற்ற வந்த மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் கேசட்டை ஓடவிட்டால், அதன் ஓசையிலிருந்தே ஒரு விளையாட்டு திரையில் எழுந்து வரும். மாமாவுக்கு விளையாட வராது. முதல் ஏணியிலேயே விழுந்து செத்துப்போவார். அவர் மனம் பறிகொடுத்தது அதில் நடமாடிய சின்னஞ்சிறு உருவங்களிடம். "ஒரு கைப்பிடி புள்ளிலா. அதுக்குள்ள நரியக் கொண்டாந்து நிறுத்திட்டான் பாரு" என்று வியப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த வியப்பே அவருக்கு உத்தியோகமாயிற்று. கேசட்டின் ஓசையை லேப்டாப்பில் ஏற்றி, ஒன்றும் சுழியுமாகப் பிரித்து, ஒன்று வரும் கட்டத்தைக் கறுப்பாக்கிச் சுழி வரும் கட்டத்தை விட்டுவிட்டு, உள்ளே புதைந்திருந்த உருவங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எடுத்தவற்றைக் கணினியில் சேமித்து, இதே பைத்தியம் பிடித்த வெளிநாட்டு அன்பர்கள் நடத்தும் இணையக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். ஆங்கிலக் கடிதங்களை எழுதித் தரும் பொறுப்பு, தானா ராத்தாவில் ஆசிரியையாக இருந்த எனக்கு வாய்த்தது. மாமாவுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மூலத்தில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். ஒரு புள்ளியைக் கூட்டுவதோ குறைப்பதோ அவரைப் பொறுத்தவரை கொலைபாதகம்.

கேசட் ஓடும்போது எழும் ஓசை, தகரக் கூரைக்குள் ஆயிரம் வண்டுகள் அகப்பட்டுக்கொண்டாற்போல் இருக்கும். பக்கத்து வீட்டு முனியம்மா சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பாள்.

"கட்டம் அண்ணே! பூனைய மிக்ஸில போட்டுட்டீங்களா?"

"பூனை இல்ல, நரி. செத்த பொறு, வந்துக்கிட்டு இருக்கு!"

கேமரன் மலையில் செருப்பு முதல் சாமி படம் வரை பூஞ்சை பிடிக்கும். கேசட்டுகள் மட்டும் தப்புமா? நாடாவில் வெள்ளை படர்ந்தது. ஆனால் மாமா பெக்டரி மனிதர். பச்சைக் கொழுந்தின் ஈரத்தை வாங்குகிற காற்று கேசட்டின் ஈரத்தையும் வாங்காதா என்று யோசித்தார். பழைய சிநேகிதர்களின் தயவில் பெக்டரி மாடிக்குப் போய், கொழுந்து வாட்டும் தொட்டியின் ஓரத்தில், மாவுச் சல்லடையில் கேசட்டுகளைப் பரப்பிவைத்தார். மறுநாள் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கொழுந்தைக் கிளறிவிட வந்தார்.

"அண்ணே, இது என்னா ரகம்? ரெண்டு இலை ஒரு மொட்டா?"

"ரெண்டு சைடு, ஒரு மொட்டும் இல்ல. கை வைக்காதீங்க, இன்னும் வாடணும்."

மண்டோர் தலையில் அடித்துக்கொண்டாலும் கைவைக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், கேசட்டுகள் பிழைத்துக்கொண்டன. அன்று முதல் எங்கள் மாமாவின் நரியும் தவளையும் பறக்கும் தட்டும் தேயிலை மணத்தோடு திரைக்கு வந்தன.

அப்படி வந்தவர்களில் மாமாவின் செல்லப் பிள்ளை விளக்குக்காரன். கையில் விளக்கை ஏந்தி, இருண்ட சுரங்கத்தில் ஓயாமல் நடந்துகொண்டேயிருக்கும் குள்ள மனிதன். அவன் நடை நான்கே படங்களால் ஆனது. நான்கையும் அடுத்தடுத்துக் காட்டினால் கால் எட்டிவைக்கும், விளக்கு அசையும். அந்த விளையாட்டு காப்பகத்தாரிடமும் இல்லை. வேறெங்கும் கிடைப்பதாகவும் தெரியவில்லை. மாமாவின் கேசட்டோ ஒரே ஒருமுறை ஒழுங்காக ஓடி, நாடாவின் பழுப்புப் பூச்சு பொடியாக உதிர, இரண்டாம் முறை அறுந்தே போயிற்று. நல்லவேளையாக முதல் ஓட்டத்திலேயே நான்கு படங்களையும் எடுத்துவிட்டிருந்தார். காப்பகத்திலிருந்து அவசர அவசரமாக அஞ்சல்கள் வந்தன. மாமா அசையவில்லை.

"அனுப்பிடலாமே மாமா?"

"இன்னொரு தடவ சரிபாத்துட்டு அனுப்பலாம் கண்ணு. அவன் எங்க ஓடிடப் போறான்?"

அந்தச் சமயத்தில்தான் புஷ்பம் அத்தைக்குப் புதுக் கோலம் ஒன்று தேவைப்பட்டது. மாமாவின் மனைவியான அவர் கம்பளிக் குல்லா பின்னி, கியா பார்மில் சுற்றுலாக்காரர்களுக்குக் கடை போட்டிருந்த சாரதாவிடம் கொடுப்பது வழக்கம். கடைவீதி முழுக்க ஸ்ட்ராபெரி போட்ட குல்லாக்களே தொங்கியதால், "வேற ஏதாச்சும் போட்டுக் குடுக்கா" என்று சாரதா நச்சரித்தாள். மாமா விளக்குக்காரனின் நான்கு படங்களையும் கட்டத்தாளில் அச்சிட்டு அத்தையிடம் நீட்டினார்.

"ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். குல்லாவுக்கு ஒரு படம். கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது."

அத்தை தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "யாருங்க இவன்? தனியா எங்க போறான்?"

"சொரங்கத்துக்குள்ள போறான்."

"இருட்டுல, தொணைக்கு ஒரு ஆள் இல்லாமயா?"

"அந்தக் காலத்து மெஷின்ல இவனுக்கே எடம் பத்தல. இதுல தொணைக்கு ஆள் வேறயா? பின்னுலா."

அத்தை பின்னினார். குல்லாக்கள் விற்றுத் தீர்ந்ததாகக் கேள்வி. அச்சிட்ட தாளில் கருவாடு மடித்து முனியம்மாவுக்குக் கொடுத்தாயிற்று. பிறகு ஒரு பிற்பகல் இடி இறங்கியது. நாற்பது வருஷம் தோட்டத்து ஒயர்களையெல்லாம் கட்டிக் காத்த மனிதர், தம் வீட்டு லேப்டாப்பைச் சுவரிலிருந்து கழற்ற மறந்திருந்தார். பிளாஸ்டிக் கருகிய வாடையோடு உள்ளே இருந்ததெல்லாம் போயிற்று. மற்ற உருவங்கள் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. போனவன் விளக்குக்காரன் ஒருவனே.

மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"காடிய எடு கண்ணு. அவன் இன்னும் சாகல. நாலு குல்லாவுல உசுரோட இருக்கான்."

என் காரில் முதலில் கியா பார்முக்குப் போனோம். சாரதா மாதிரிக்காக ஒரு குல்லாவை விற்காமல் கடை முகப்பில் தொங்கவிட்டிருந்தாள். வெயிலில் விளக்கின் மஞ்சள் வெளுத்திருந்தது. மாமா சதுரத்தாளை விரித்து, தையல் தையலாக எண்ணிப் புள்ளி வைத்தார். கடைக்கு வந்தவர்கள், குல்லாவுக்குச் சுங்க அதிகாரி வந்திருப்பதாக நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

"மத்த மூணும் யாருக்குக் குடுத்த?"

"மூணா? எனக்கு வந்ததே மொத்தம் மூணுதான் அண்ணே. ஒண்ணு லெம்பா பெர்த்தாம்ல மொளகாத் தோட்டக்காரரு வாங்குனாரு, பிள்ளைக்கு. ஒண்ணு கோலா தெர்லா லோரி டிரைவரு."

"புஷ்பம் பின்னுனது நாலுலா. நல்லா யோசிச்சுச் சொல்லு. வயசாயிட்டா மறதி வரும்."

மாமாவைவிட இருபது வயது இளையவளான சாரதா என்னைப் பார்த்தாள். நான் ஸ்ட்ராபெரிகளைப் பார்த்தேன்.

லெம்பா பெர்த்தாமில் குல்லாவை அணிந்திருந்த கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கழற்றினால் விழித்துவிடும் என்று தாய் மறுத்துவிட்டாள். மாமா தொட்டிலருகே மண்டியிட்டு, மூச்சையும் அடக்கி, குழந்தையின் தலையைச் சுற்றிச் சுற்றி எண்ணினார். பாதியில் அது விழித்து, மூக்கருகே ஒரு கிழவரின் கண்ணாடியைக் கண்டு வீறிட்டது.

"என்னாண்ணே, பிள்ளைக்கு சுழி பாக்குறீங்களா?"

"சுழியும் பாக்குறேன், ஒண்ணும் பாக்குறேன். செத்த ஆட்டாம புடிம்மா."

கோலா தெர்லாவில் லோரி ஓட்டுநர், குல்லாவைக் கியர்க் கம்பியின் குமிழுக்குப் போர்த்தியிருந்தார். முட்டைக்கோசு ஏற்றிய வண்டியின் ஆட்டத்தில் விளக்குக்காரன் இழுபட்டு, ரொட்டிக் கடை முதலாளி போல் பருத்திருந்தான். "ஒடம்பு பெருத்தா என்னா, தையல் எண்ணிக்கை அதேதான்" என்று மாமா கியர்க் கம்பியைக் கட்டிக்கொண்டு எண்ணினார். அவர் அறியாமலே வண்டி இரண்டாவது கியருக்கு மாறியிருந்தது.

மூன்று படங்கள் சேர்ந்தன. ஆனால் மூன்றை ஓட்டினால் விளக்குக்காரன் நொண்டினான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கால் காற்றில் நின்று, அடுத்த கணம் எங்கோ குதித்தது. நான்காவது இல்லாமல் அவனுக்கு நடை இல்லை. மாமா பிரிஞ்சாங் கடைத்தெருவில் குல்லா அணிந்தவர் தலையெல்லாம் குனிந்து பார்க்கத் தொடங்கினார். கோலாலம்பூரிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு மணப்பெண்ணின் தலையை அவர் ஆராய்ந்தபோது, மாப்பிள்ளையிடம் விளக்கம் சொல்ல நான் பட்ட பாட்டை இங்கே எழுதுவதற்கில்லை.

சில வாரங்களுக்குப் பின் ஒரு மாலை, மாமா சோர்ந்துபோய் என்னிடம் சொன்னார்: "காப்பகத்துக்கு எழுதிப் போட்டுரு கண்ணு. கெடைக்கல, நொண்டியாவே வெச்சுக்கச் சொல்லு."

நான் அவர் மேசையில் உட்கார்ந்து, என் பழைய லேப்டாப்பில் தட்டத் தொடங்கினேன். அத்தை டீ கொண்டுவந்தார். மலைக்குளிரில் ஆறாதிருக்கக் கூஜாவுக்குக் கம்பளி போர்த்துவது அவர் வழக்கம். இருவருக்கும் ஊற்றினார். பிறகு அந்தக் கம்பளியை உருவி, உள்புறம் வெளிவரத் திருப்பி, மாமாவின் கையருகே வைத்தார்.

அது நான்காவது குல்லா. அத்தனை நாளும் மாமா குடித்த டீயை அதுதான் சூடாக வைத்திருந்தது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விளக்குக்காரன் கால் எட்டிவைத்திருந்தான், சரியாக. ஆனால் அவன் பக்கத்தில், அவன் உயரத்துக்கே, சிவப்புச் சேலையில் ஒரு பெண் நின்றாள்.

"இது யாரு?"

"எடம் சும்மாதானே கெடந்துச்சு" என்றார் அத்தை. "எடமே பத்தலன்னு சொன்னீங்க. எண்ணிப் பாத்தேன், அவனுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இருந்துச்சு. நிக்க வெச்சேன். வெச்ச பொறவுதான் நீங்க திட்டுவீங்கன்னு பயம். அதான் கடைக்குக் குடுக்கல."

"நான் மலை பூரா தேடினேனே, புஷ்பம்!"

"தெரியும். புள்ளிய மாத்துனவளக் கொலைகாரின்னு சொல்லுவீங்களே. எப்படிச் சொல்றது?"

மாமா தாளை விரித்து எண்ணத் தொடங்கினார். விளக்குக்காரனின் புள்ளி ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தப் பெண்ணை அழித்தால் மூலம் அப்படியே கிடைத்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. நான்கூட அழிப்பான் எங்கே என்று கண்ணால் தேடினேன். மாமா அவனைப் பதித்து முடித்தார். சற்று நேரம் பென்சிலைக் கையில் உருட்டினார். பிறகு அவளையும் எண்ணத் தொடங்கினார், சேலையின் விளிம்பு வரை, ஒரு தையலும் நிறமும் விடாமல்.

"கடைசில இதையும் எழுது கண்ணு" என்றார். "நாலாவது படத்துல இருக்கிற பொம்பள மொதல்ல இல்ல, பின்னால வந்தவங்க. அவங்களத் தூக்குறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

அத்தை டீயைச் சுட வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனார். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

காப்பகத்தார் அந்தக் குறிப்போடு நான்கு படங்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் அங்கே விளக்குக்காரன் நொண்டாமல் நடக்கிறான். ஒவ்வொரு நான்காம் அடியிலும் சிவப்புச் சேலை ஒன்று அவன் பக்கத்தில் தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றுகிறது.

மாமா காலமாகி இரண்டு வருஷமாகிறது. தீபாவளிக்குப் போயிருந்தபோது அத்தை அவனைப் பார்க்க வேண்டும் என்றார். லேப்டாப்பைத் திறந்து ஓடவிட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாலாவதுலயே நிறுத்திரு கண்ணு. நடந்தது போதும் அவருக்கு."

நிறுத்தினேன். லயத்து வீட்டில் இப்போது அத்தை மட்டும் இருக்கிறார். கூஜாவின் மேல் அந்தக் குல்லா இருக்கிறது, படம் வெளியே தெரியும்படி.