கறுப்பு அம்பாசிடருக்கு ஒரு ஃபுல் இன்சூரன்ஸ்

சர்வேயர் நாளை மறுநாள் வருகிறார் என்று தெரிந்ததும் ஐயாக்கண்ணு செய்த முதல் காரியம், காரின் பின்சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைக் கிளப்பியதுதான். அது லேசில் கிளம்பவில்லை. கையில் நாலு கொத்து வாங்கிக்கொண்டு, முட்டைகளோடு அதைக் கூடைக்கு மாற்றிவிட்டு நிமிர்ந்தால், எதிரே மாதம்மாள் இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

"ஏனுங்க, அடை கலைஞ்சா குஞ்சு பொரிக்குமா? உங்களுக்குக் காரு பெருசா, கோழி பெருசா?"

"காருதான் புள்ள! அதிலென்ன சந்தேகம்?"

உண்மையில் அது அவருடைய கார்கூட இல்லை. மாதம்மாளின் தம்பி சேகருடையது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் சேகர் போன லீவில் வந்திருந்தபோது, ஊரைக் காலி செய்துகொண்டு போன எஸ்டேட்காரர் ஒருவரிடம் அந்தக் கறுப்பு அம்பாசிடரை வாங்கினான். மஞ்சக்குட்டையில் அக்கா வீட்டுக் காப்பிக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அப்புறம் விமானம் ஏறிவிட்டான். காருக்கு அவனைவிட வயசு அதிகம். இருந்தால் என்ன, கார் கார்தானே!

ஷேர் ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டே பாதி ஆயுசைக் கழித்தவர் ஐயாக்கண்ணு. அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. இந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மாதம்மாளை முன்சீட்டில் உட்காரவைத்து, ஹாரன் அடித்துக்கொண்டே போய் இறங்க வேண்டும். ஜீப்பில் இடம் தராமல் இடித்துத் தள்ளிய அத்தனை பயல்களும் அதைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆசையில்தான் மச்சினன் டிரங்க் காலில் மண்ணைப் போட்டான்.

"மாமா, இங்கெல்லாம் ஓட்டை வண்டிக்குக்கூட ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குதுங்க. நம்மூடு இருக்கறது மலை. ரோட்டுல வளைவுக்கு வளைவு பள்ளம். ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாத்தான் நீங்க வண்டியத் தொடோணும்."

"போடாட்டி?"

"சேலத்துப் பழைய இரும்புக் கடைக்காரன்கிட்ட பேசிட்டனுங்க. திருவிழாவுக்கு முன்னால வந்து எடுத்துக்குவான்."

இரும்புக் கடையா! மறுநாளே ஐயாக்கண்ணு சேலத்துக்கு பஸ் ஏறி இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இத்தனை பழைய வண்டிக்கு தர்டு பார்ட்டி மட்டுந்தான். நீங்க எவனையாச்சும் இடிச்சா அவனுக்குப் பணம் கெடைக்கும். உங்க வண்டி நொறுங்கினா உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது."

"அப்ப இடிச்சவனைவிட இடிபட்டவனுக்குத்தானுங்க லாபம்?"

குமாஸ்தா இப்போது தலையைத் தூக்கினார். "ஃபுல் வேணும்னா எங்க சர்வேயர் மலைக்கு வந்து வண்டியப் பாத்து, நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுக்கோணும். எழுதுவாரான்னு எனக்குத் தெரியாது."

அதனால்தான் கோழிக்கு இந்த வெளியேற்றம்.

கோழி போனதும் ஐயாக்கண்ணு காரைக் கழுவினார். தென்னை நாரை வைத்து அழுத்தித் தேய்த்தார். சேறு போனது. சேற்றோடு பெயின்ட்டும் போனது. பெயின்ட் போன இடத்தில் துரு தெரிந்தது. துருவைச் சுரண்டினால் டிரைவர் சீட்டுக்கு அடியில் களத்து மண்ணே தெரிந்தது.

"பிரேக் புடிக்கலீனா காலையே ஊணிக்கலாமுங்க" என்றாள் மாதம்மாள்.

"சும்மா இரு புள்ள, நானே பதறிக் கெடக்கறேன்!"

ஓட்டையின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு மூடினார். துருவை மறைக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்து மிச்சமிருந்த கறுப்பு பெயின்ட்டை எடுத்து வண்டி முழுக்கப் பூசினார். பூசி முடித்தபோது பளபளவென்றுதான் இருந்தது. மாதம்மாளே ஒரு நிமிஷம் அசந்துபோனாள். ஆனால் சாயங்காலம் மலையில் பனி இறங்கியதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் பெயின்ட் காயவே இல்லை. சவுக்கு இலை, காப்பிப் பூ, பூச்சி என்று தோட்டத்தில் பறந்த அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கப் போன துணியும் ஒட்டிக்கொண்டது.

"தேர் சோடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள் மாதம்மாள்.

ஐயாக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு சர்வேயர்! அப்போதுதான் அவருக்கு மரியதாஸ் ஞாபகம் வந்தது.

மரியதாஸ் ஏற்காட்டில் பேக்கரி வைத்திருந்தார். அவரிடமும் ஒரு கறுப்பு அம்பாசிடர் இருந்தது. அதுவும் பழசுதான். ஆனால் கல்யாண மாப்பிள்ளையைப் போல் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். ஐயாக்கண்ணு ஓட்டமும் நடையுமாகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"அண்ணா... நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்... உங்க வண்டி..."

"சர்வேயர் வாராருங்களா?" என்றார் மரியதாஸ், ரொட்டியை அறுத்துக்கொண்டே.

"எப்படிங்ணா கண்டுபுடிச்சீங்க!"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியுதே. எடுத்துட்டுப் போங்க. மத்தியான பஸ்ஸுல நானே வந்து வண்டிய வாங்கிக்கறேன். ஒண்ணே ஒண்ணு. ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருக்குது. எங்க நிறுத்துனாலும் சக்கரத்துக்குக் கல்லு வெச்சுப்போடோணும். அப்பறம் நெம்பர் பலகைக்கு சென்றாயன்கிட்டப் போங்க."

பெயின்டர் சென்றாயன் தொழிலில் கெட்டிக்காரன். சேகருடைய காரின் நம்பரை ஐயாக்கண்ணு சொன்னதும் எழுத உட்கார்ந்துவிட்டான்.

"அளவு எடுக்க வேண்டாமா சாமி?" என்றார் ஐயாக்கண்ணு.

"மரியதாஸண்ணன் வண்டி அளவுதானுங்களே? தெரியுமுங்க."

என்ன ஞானம்! ஐயாக்கண்ணு வியந்துபோனார். அன்று மாலையே மரியதாஸின் கார் புதுப் பலகையோடு மஞ்சக்குட்டைக் களத்தின் மேட்டில் ஏறி நின்றது. சேகரின் கார் பலகையைக் கழற்றப் பார்த்தார், திருகாணி துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. கிடக்கட்டும் என்று அந்தக் காரைச் சரிவில் உருட்டிக் கீழே ஆரஞ்சு மரங்களுக்குப் பின்னால் நிறுத்தி, தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

மறுநாள் காலை பஸ்ஸில் சர்வேயர் வேலுசாமி வந்து இறங்கினார். நல்ல பருமன். கையில் தோல் பை, அதோடு மடித்த காலிப் பை ஒன்று. களத்துக்கு வந்தவர் காரைப் பார்த்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"இதுதான் வண்டிங்களா?"

"இதே... இதேதானுங்க!" ஐயாக்கண்ணுவின் நெஞ்சு காப்பி அரைக்கும் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது.

சர்வேயர் பின்கதவை லேசாகத் தூக்கித் திறந்தார். அப்படித் தூக்கினால்தான் அது திறக்கும் என்பது நேற்று ஓட்டி வந்த ஐயாக்கண்ணுவுக்கே தெரியாது. திறந்ததுதான் தாமதம், உள்ளிருந்து "கெக்கெக்கே!" என்று ஒரு கூச்சல். கூடையைவிட்டு வெளியேறிய கோழி, கறுப்பு காரெல்லாம் தன் காரென்று நினைத்து ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்திருக்கிறது!

"கோழி இருக்குதுங்களே?" என்றார் சர்வேயர்.

"குருமாவுக்குச் சேவல் தனியா இருக்குதுங்க!" என்று உளறினார் ஐயாக்கண்ணு.

"ரொம்ப நல்லதுங்க" என்றார் சர்வேயர்.

அதற்கப்புறம் சோதனை ஜரூராக நடந்தது. சர்வேயர் டேஷ்போர்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தட்டினார், வைப்பர் ஓடியது. சாவியைப் பாதி திருப்பி, கொஞ்சம் பொறுத்து, மீதியைத் திருப்பினார், இன்ஜின் பிடித்துக்கொண்டது. இவரல்லவா நிபுணர் என்று ஐயாக்கண்ணு மாய்ந்துபோனார்.

"சேஸிஸ் நெம்பருக்குப் பென்சில் அச்சு எடுக்கோணுமே" என்றார் சர்வேயர்.

போச்சு! வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் அந்த நம்பர் வேறாக இருக்குமே! மாதம்மாள்தான் புடவை முடிச்சிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். சேகர் காரில் காலையிலேயே பென்சிலைத் தேய்த்து எடுத்து வைத்திருந்தாள்.

"உங்களுக்கெதுக்குங்க குனிஞ்சு நிமுந்து சிரமம்? நாங்களே எடுத்து வெச்சிட்டமுங்க."

"அடடா, எத்தனை அக்கறை! எல்லா ஊட்டுலயும் இப்படித்தானுங்க எடுத்து வெச்சிருக்கறாங்க" என்று அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

சேவல் குருமா, ஆப்பம், பலாச்சுளை. சாப்பாடு முடிந்ததும் சர்வேயர் திருப்தியாக ஏப்பம் விட்டு, 'வண்டி நல்ல நிலையில் உள்ளது' என்று சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஐயாக்கண்ணு அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்திக்கொண்டார். அழுகையே வந்துவிட்டது அவருக்கு. திருவிழா! முன்சீட்டில் மாதம்மாள்! அந்த ஜீப் பயல்கள்!

"சார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நம்ம கார்லயே வந்துருங்க!"

காலிப் பையில் காப்பிக்கொட்டையும் ஆரஞ்சும் நிரம்பி டிக்கியில் ஏறின. சர்வேயர் கை கழுவப் போனார். ஐயாக்கண்ணு வெற்றிலைத் தட்டைத் தேடி உள்ளே போனார். மாதம்மாளுக்கு மட்டும் ஒரு குறை. இத்தனை நல்ல காரியம் நடந்திருக்கிறது, ஒரு சூடம் காட்டாமல் வண்டியை எடுப்பதா? அது யார் வண்டி என்பதெல்லாம் சந்தோஷத்தில் அவளுக்கு மறந்தே போயிருந்தது. சூடம் ஏற்றினாள். நாலு எலுமிச்சம்பழம் எடுத்துவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். மூன்று வைத்தாயிற்று. நாலாவது சக்கரத்தில் பழம் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கல் கிடந்தது.

'சாமி காரியத்துல கல்லு எதுக்கு?' என்று அதை உருவி எறிந்துவிட்டுப் பழத்தை வைத்தாள்.

சளக், சளக் என்று எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

"ஏனுங்க! வண்டி போகுதுங்க!"

"யாரு ஓட்டறா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"யாருமே ஓட்டலீங்க!"

ஐயாக்கண்ணு வெற்றிலையும் கையுமாகப் பாய்ந்து வந்தார். சர்வேயர் சோப்பு நுரையோடு ஓடினார். கார் யாருக்கும் நிற்கவில்லை. களத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கி, வேகம் பிடித்து, நேராக ஆரஞ்சு மரங்களுக்குள் புகுந்து, தார்ப்பாய் மூட்டையின் மேல் 'டமார்' என்று மோதியது. மரத்திலிருந்த பழங்கள் பொலபொலவென்று கொட்டின. தார்ப்பாய் மெல்லச் சரிந்தது.

உள்ளே இன்னொரு கறுப்பு அம்பாசிடர். அதே நம்பர்.

இலையும் பூச்சியும் ஒட்டிய அந்தக் கிழட்டு வண்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதன் பின்சீட்டில், மாதம்மாள் முட்டைகளோடு திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்த கோழி அசையாமல் அடைகாத்துக்கொண்டிருந்தது. மரியதாஸின் மாப்பிள்ளை வண்டிதான் மூக்கு நசுங்கி, ஒரு கண் தொங்கி, தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு பாதி மஞ்சக்குட்டை ஓடிவந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் சர்வேயருக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆவேசம் வந்ததோ!

"என்னய்யா அக்கிரமம் இது? ஒரே நெம்பர்ல ரெண்டு வண்டி! ஆள் மாறாட்டம் கேட்டிருக்கறேன், வண்டி மாறாட்டமா? என் சர்வீஸுல இப்படி ஒரு பித்தலாட்டத்தப் பாத்ததே இல்ல! போலீசுக்குப் போறேன். மொதல்ல அந்த சர்டிபிகேட்டக் குடு இங்கே!"

"சார், சார்..." ஐயாக்கண்ணு காலில் விழப் போனார். "இரும்புக் கடைக்குப் போயிருமுங்க சார்! திருவிழாவுக்கு இவள ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போயிட்டா..."

"குடுய்யா!"

ஐயாக்கண்ணு சட்டைப் பையைத் தொட்டார். மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிய மரியதாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தன் காரைப் பார்த்தார். அது மோதிய காரைப் பார்த்தார். சர்வேயரை மேலும் கீழும் பார்த்தார். நீட்டியிருந்த சர்வேயரின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"அண்ணா, மன்னிச்சிருங்கண்ணா!" என்று கதறினார் ஐயாக்கண்ணு. "தப்பு எங்க மேலதான். ஆனா உங்க வண்டிக்கு எப்படியும் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குமில்லீங்க?"

மரியதாஸ் பெருமூச்சு விட்டார்.

"அதையேனுங்க கேக்கறீங்க! 'வெள்ளக்கடை, கிளியூர்னு மலையில இருக்கற பழைய வண்டிக்கெல்லாம் உன்ற வண்டியத்தான் பாத்து எழுதிக் குடுத்திருக்கறேன், உன்ற வண்டிக்கே வேணும்னா வேற எவன் வண்டியவாச்சும் கொண்டாந்து காட்டு'ன்னு என்னையத் திருப்பி அனுப்பிப்போட்டாருங்களே, இந்த சாரு!"